ஜவ்வாது மலையில் இரண்டு மோட்டார்கள்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிடைத்திருக்கும் கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்குகூட ஜவ்வாது மலைக்குக் கிடைக்கவில்லை. அதைப்பற்றி அந்த மலை கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று ஜில்லாக்களின் மேலும் தலையையும் காலையும் நீட்டிக்கொண்டு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கிளையாக, அது பாட்டுக்குப் படுத்திருக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். சங்க காலத்தில் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், நன்னன் என்னும் சிற்றரசனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லுவதாக மலைபடுகடாம் என்னும் 583 அடிப் பாட்டைப் பாடினாரல்லவா? அந்த நன்னனுடைய செங்கம் இந்த மலையின் அடிவாரத்துப் பிரதேசத்தில் இருக்கிறது. பாட்டில் வரும் சேயாறு நம்முடைய செய்யாறுதான். வழியில் பாம்பு இருக்கும், பாசி வழுக்கும், தினைப்புனத்துக் காவலர் எறியும் கவண் கற்கள் பறந்து வரும் என்றெல்லாம் புலவர் எச்சரிக்கிறார். மலைப் பிரயாணம் செய்கிறவனுக்கு மலையின் அழகை மட்டும் சொல்லிவிட்டு அபாயங்களைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது அந்தக் காலத்து மரியாதை.

மலையில் வாழும் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் ஐதீகம். சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், புளியும் பலாவும் சீதாப்பழமும் இங்கிருந்து கீழே இறங்குகின்றன. மேலே ஏறுவது பெரும்பாலும் ஜீப்புதான். ஆளும் மூட்டையும் கோழியும் ஒன்றாக ஏறிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்த்தால், மோட்டார் என்பது எதற்காகப் படைக்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும். வேறு விடைகளும் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவர் போளூரிலிருந்து இந்த மலைமேல் ஏறினோம். மூவருக்கு இரண்டு வண்டிகள். காரணம் என்னவென்றால், நம் நண்பர்கள் இருவரும் மோட்டார் விஷயத்தில் பரம ரஸிகர்கள். ஒருவர் வண்டியில் ஒருவர் ஏறுவதில்லை என்று ஏறக்குறையச் சபதம் செய்துகொண்டவர்கள். ஒருவர் டாக்டர். இன்னொருவர் பொதுப்பணி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினீயர். நமக்கோ சொந்தத்தில் மோட்டார் கிடையாது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் கட்சி சேராமல் இருப்பார் என்ற நம்பிக்கையில் நம்மை மத்தியஸ்தராக அழைத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டருடைய வண்டி அயல் தேசத்துச் சொகுசு வண்டி. அதன் பெயரை நாம் சொல்லப்போவதில்லை; அதன் விலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுக் கட்டடம் கட்டிவிடலாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். உள்ளே மேஜை அகலத்துக்கு ஒரு திரை. பொத்தான் என்று ஒன்றைக்கூடக் காணோம். காற்று வேண்டுமென்றாலும் பாட்டு வேண்டுமென்றாலும் திரையைத்தான் தொட வேண்டும். சக்கரங்கள் 20 அங்குலம். வெள்ளிபோல் ஜொலிக்கும் பெரிய வளையத்தைச் சுற்றி மூன்று விரற்கடை அகலத்துக்கு ரப்பர்.

எஞ்சினீயருடையது பிரீமியர் பத்மினி. 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், 14 அங்குலச் சக்கரம், ஏழு அங்குல வட்ட விளக்கு, பின்னால் மீன் செதிலைப்போல் சிறிதாக நிமிர்ந்த வால். இந்த வண்டியை 35 வருஷமாக வைத்திருக்கிறார்.

பாதி மலை ஏறியிருப்போம். பின்னால் வந்த பத்மினி ஹாரன் அடித்தது. இறங்கிப் பார்த்தால் விசிறி பெல்ட் அறுந்து கிடந்தது. வண்டியின் மேல் குற்றம் இல்லை. போன தீபாவளிக்கே மாற்றியிருக்க வேண்டிய பெல்ட் என்று எஞ்சினீயரே ஒப்புக்கொண்டார். டிக்கியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை எடுத்தார். அதில் இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, புதிய பெல்ட் ஒன்று, கம்பிச் சுருள், பழைய வேஷ்டித் துண்டு. பானெட்டைத் தூக்கினார். உள்ளே பார்த்தால் தரை தெரிந்தது! எஞ்சினைச் சுற்றி ஒரு மனிதன் இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்யும்படி அவ்வளவு இடம். ஒரு போல்ட்டைத் தளர்த்தினார், பெல்ட்டை மாட்டினார், நெம்பினார், முடுக்கினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஓர் அம்மாள் குடத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

"பார்த்தீரா?" என்றார் எஞ்சினீயர்.

"பார்த்தேன். என் வண்டி இருபது நிமிஷம் வழியில் நிற்கவே இல்லை என்பதையும் பார்த்தேன்" என்றார் டாக்டர்.

ஜமுனாமரத்தூரில் டீக்கடை வாசலில் உட்கார்ந்தபோது வாதம் மும்முரமாயிற்று. முதலில் அழகைப் பற்றி. இந்தக் காலத்துச் சொகுசு வண்டிகளின் முகத்தைக் கண்டால் எஞ்சினீயருக்கு ஆகாது. பி.எம்.டபிள்யூ வண்டியின் முகத்தில் சிறுநீரக வடிவத்தில் இரட்டைக் கிரில் வைக்கும் வழக்கம் 1933-ல் ஆரம்பித்தது. அது வருஷா வருஷம் வளர்ந்து, 2020-ல் வெளியான 4 வரிசை வண்டியில் நெற்றியிலிருந்து மோவாய் வரை இறங்கிவிட்டது. உலகமெங்கும் மோட்டார் ரஸிகர்கள் கூச்சல் போட்டார்கள். அது போகட்டும், ரேடியேட்டரே தேவைப்படாத மின்சார வண்டிக்குக்கூட முன்னால் மூடிய கிரில் ஒன்றை ஒட்டி வைக்கிறார்களே, "மூச்சு விடாத பிராணிக்கு மூக்கு எதற்கு?" என்று கேட்டார் எஞ்சினீயர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய கதையை எடுத்தார். 2001-ல் கிறிஸ் பாங்கிள் என்பவரின் தலைமையில் அதே கம்பெனி 7 வரிசை வண்டியைப் புது உருவத்தில் வெளியிட்டது. பின்பக்கம் சகிக்கவில்லை என்றும் பாங்கிளை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றும் ஆயிரக்கணக்கான ரஸிகர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பம் செய்தார்கள். வண்டியோ நன்றாகவே விற்றது. சில வருஷங்களில் மற்றக் கம்பெனிக்காரர்களும் அதே மாதிரிப் பின்பக்கத்தைச் செய்யத் தொடங்கினார்கள். "புதுச் சங்கீதத்தை முதலில் யார் ரஸித்தார்கள்? காது பழக வேண்டும், கண்ணும் அப்படியே" என்றார் டாக்டர். இதில் உண்மை இல்லாமலில்லை. பத்மினியின் வாலையும் ஒரு காலத்தில் யாராவது பரிகசித்திருப்பார்கள்.

ஆனால் கண் பழகிக்கொள்ளும். கை எப்படிப் பழகுவது? எஞ்சினீயரின் வாதம் இங்கேதான் வலுவடைந்தது. மெர்ஸிடிஸ் கம்பெனி 2021-ல் வெளியிட்ட ஈ.க்யூ.எஸ். என்னும் மின்சார வண்டி 2022 முதல் புனாவுக்கு அருகில் சாகனிலும் பூட்டப்பட்டது. காற்றைக் கிழிப்பதில் அதற்கு இணையான வண்டிகள் மிகச் சில. வில் வளைந்தாற்போல் ஒரே கோடாக அதன் உருவம். அந்த வண்டியின் பானெட்டைச் சொந்தக்காரர் திறக்கக் கூடாது. கம்பெனி ஆட்கள்தான் திறக்கலாம். கண்ணாடி துடைக்கும் தண்ணீரை ஊற்ற மட்டும் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு! வேறு பல உயர்தர வண்டிகளில் எஞ்சின் எண்ணெயை அளந்து பார்க்கும் கம்பியையே எடுத்துவிட்டார்கள். எண்ணெய் எவ்வளவு என்பதைத் திரை சொல்லும், நீங்கள் நம்ப வேண்டும். புதிதாக ஒரு பாட்டரியை மாட்டினால்கூட வண்டியிலுள்ள கம்ப்யூட்டரிடம் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற நிலை சிலவற்றில் இருக்கிறது.

இதற்கு டாக்டர் சொன்ன பதில் நம்மை ஒரு கணம் திகைக்க வைத்தது. "வயிற்றுவலி என்று வருகிறவர் தம் வயிற்றைத் தாமே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீரா? உம்முடைய வண்டியில் காற்றுப் பை உண்டா? பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகிப்போகாமல் காப்பாற்றும் சாதனம் உண்டா? 2019 முதல் நம் சர்க்கார் அவற்றைக் கட்டாயமாக்கியிருப்பது எதற்காக? புகை எவ்வளவு குறைந்திருக்கிறது! இவ்வளவையும் பழைய வேஷ்டித் துண்டால் செய்ய முடியுமா?"

எஞ்சினீயர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நோயாளி தம் வயிற்றைத் திறக்க வேண்டாம். ஆனால் எந்த டாக்டரிடம் போவது என்பது அவர் இஷ்டம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே ஆயுள் முழுவதும் வர வேண்டும், வேறு டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பே கொடுக்கமாட்டோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வீரா?"

இது வெறும் வாய்ச்சாமர்த்தியம் அன்று. 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 14 மோட்டார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும், வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளியிலுள்ள ஒர்க்ஷாப்புக்காரர்களுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் அப்பீல் செய்தன. பிறகு 2022-ல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, பழுது பார்க்கும் உரிமையைப்பற்றி ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. உழவுக் கருவிகள், டெலிபோன்கள் முதலியவற்றோடு மோட்டார்களையும் அந்தக் கமிட்டியின் கவனத்துக்கு விட்டார்கள். மரத்தடியில் ஒரு பெட்டி நிறைய ஸ்பானரை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிய எத்தனையோ பேருடைய பிழைப்பு இந்த விஷயத்தில் அடங்கியிருக்கிறது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரையில் அம்பாஸடர் வண்டி உத்தரபாராவிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவன் இல்லாத தாலுகா உண்டா?

சொகுசுக்கும் அழகுக்கும் ஆசைப்பட்டால் ரிப்பேர் வசதியை விட்டுவிடத்தான் வேண்டும் என்று டாக்டர் முடிவு கட்டினார். நமக்கு அது சரியாகப் படவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் அருகே 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதன் உருவத்தை வரைந்தவர் மைக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இன்று பார்த்தாலும் அது அழகான வண்டிதான். அந்த அழகிலேயே ஒரு யுக்தி இருந்தது: விளக்கு, மட்கார்டு, பானெட் எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதும் ஒரே பெட்டியின் மூடிபோல் முன்புறம் சாயும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பழுது பார்க்கலாம். வரைந்தவர் கோடு போடும்போதே பழுது பார்க்கிறவனையும் நினைத்துக்கொண்டிருக்கிறார். "வளைவில் வேகமாகத் திருப்பினால் அதன் பின்சக்கரம் உள்ளே மடங்குமே, அதையும் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். அதுவும் வாஸ்தவம்.

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் சாலையில், எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கிய டாக்டரின் வண்டி சாலையோரத்துக் கல் ஒன்றில் உரசியது. பெரிய கல் அல்ல. பத்மினியின் தடித்த டயர் ஒருவேளை அமுங்கி மேலேறியிருக்கும். இந்த மூன்று விரற்கடை ரப்பரில் பக்கவாட்டில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கிழிசல் விழுந்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்துக்கள் தோன்றின. கம்பெனிக்கு டெலிபோன் செய்ய வேண்டும் என்பது அவற்றின் தாத்பரியம். டெலிபோனிலோ ஒரு கோடுகூட இல்லை.

ஜீப்புக்காரன் நல்ல பையன். மலையாளி வாலிபன்; இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு ஜாக்கியோடு ஓடி வந்தான்.

"ஸ்டெப்னி எங்கே சார்?" என்று கேட்டான்.

"ஸ்டெப்னி கிடையாது, தம்பி" என்றார் டாக்டர்.

"மறந்துட்டு வந்துட்டீங்களா சார்?"

"இல்லை. இந்த வண்டிக்கே கிடையாது."

அவன் டாக்டரின் முகத்தைப் பார்த்தான். பிறகு எஞ்சினீயரின் முகத்தைப் பார்த்தான். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். டிக்கியைத் திறந்து காட்டினோம். உள்ளே மெத்தென்ற கம்பளமும், ஒரு புட்டியும், கைப்பெட்டி அளவில் ஒரு காற்றடிக்கும் யந்திரமும் இருந்தன. முள் குத்திய துவாரமாயிருந்தால் அந்தப் புட்டியிலுள்ள பசை அடைத்துவிடும். கிழிந்த பக்கவாட்டை அது என்ன செய்யும்? கவண் கல்லுக்கு ஒதுங்கச் சொன்ன பெருங்கௌசிகனார் இந்தக் கல்லைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் காலையிலிருந்து நடந்த இரண்டு வாதங்களும் உண்மையில் ஒரே வாதம் என்பது நமக்குத் தெளிவாயிற்று. சக்கரத்தைப் பெரிதாகவும் ரப்பரை மெல்லிசாகவும் செய்தது பெரும்பாலும் கண்ணுக்காக. ஸ்டெப்னியை எடுத்துவிட்டது பாரம் குறையவும் இடம் மிஞ்சவும். நட்சத்திரம்போல் வளைத்துச் செய்யப்பட்ட முன்விளக்கு உடைந்தால் பல்பு மாற்ற முடியாது. முழு விளக்கையும் லட்சக்கணக்கில் கொடுத்து மாற்ற வேண்டும். காகிதத்தில் கோடு இழுக்கப்படும்போதே, இந்த வண்டியை யார் தொடலாம், எங்கே வைத்துத் தொடலாம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. நகரத்தில், நல்ல சாலையில், கம்பெனியின் ஒர்க்ஷாப் இரண்டு மைலில் இருக்கும்போது அந்தத் தீர்மானம் நம் கண்ணில் படுவதில்லை.

மேட்டின்மேல் ஏறி நின்று டெலிபோன் செய்ததில், தூக்கிச் செல்லும் லாரி இரவுதான் வரும் என்றார்கள். வண்டிக்குக் காவலாகத் தன் தம்பியை உட்கார வைப்பதாக ஜீப்புக்காரன் சொன்னான். பணம் வாங்க மறுத்தான், வற்புறுத்திக் கொடுத்தோம். டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் பத்மினியின் பின்ஸீட்டில் ஏறிக்கொண்டார். எஞ்சினீயரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காக அவரை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

காவலூர் வானாராய்ச்சி நிலையம் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் கூண்டுகளாகத் தெரிகிறது. 1960-களின் இறுதியில் டாக்டர் வைணு பாப்பு இந்த இடத்தைப் பொறுக்கியெடுத்தார். 1972-ல் இங்கே ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் சேர்த்தி. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறு கிரகம் ஒன்றுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஆனால் நாங்கள் பார்க்க வந்தது பெரிய டெலஸ்கோப்பை. கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். அந்தக் கண்ணாடியைப் பெங்களூரிலே இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் பட்டறையில் தேய்த்து மெருகேற்றினார்கள். மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் கெட்டுப்போகும் வேலை அது. 1982-ல் பாப்பு காலமானார். டெலஸ்கோப்பு முடிந்து 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதை அர்ப்பணம் செய்தபோது நிலையத்துக்குப் பாப்புவின் பெயரை இட்டார்கள்.

அந்தப் பிரம்மாண்டமான இரும்புச் சட்டத்தையும் குதிரை லாடம் போன்ற தாங்கியையும் செய்தவர்கள் யார் தெரியுமா? வால்சந்த் நகர் தொழிற்சாலைக்காரர்கள். இதைக் கேட்டதும் எஞ்சினீயர் துள்ளிக் குதித்தார். அந்தத் தொழில் குடும்பத்தை நிறுவிய வால்சந்த் ஹீராசந்த்தான் 1944-ல் பம்பாயில் பிரீமியர் மோட்டார் கம்பெனியையும் ஆரம்பித்தவர். விசுவேசுவரய்யா 1930-களில் இந்திய மோட்டார்த் தொழிற்சாலைக்குத் திட்டம் போட்டதும், வெள்ளைக்கார சர்க்கார் அதற்கு ஊக்கம் அளிக்காததும், வால்சந்த் பிடிவாதமாக நின்றதும் நம் தேச சரித்திரத்தில் சேர்ந்த சங்கதிகள். வாசலில் நின்ற பத்மினியும், உள்ளே நட்சத்திரங்களைத் தேடும் டெலஸ்கோப்பும் ஒருவிதத்தில் பங்காளிகள் ஆகிவிட்டன!

நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. டெலஸ்கோப்பின் கண்ணாடிக்கு ஒளியைத் திருப்பும் சக்தி அதன்மேல் பூசிய அலுமினியப் பூச்சினால் வருகிறது. தூசியாலும் ஈரத்தாலும் அது நாளடைவில் மங்கிவிடும். அப்போது டன் கணக்கில் கனக்கும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி இறக்கி, பழைய பூச்சைக் கழுவி, காற்றை வெளியேற்றிய பெரிய அறைக்குள் வைத்துப் புதிய பூச்சு ஏற்றுகிறார்கள். அதற்கான யந்திரத்தை இங்கேயே வைத்திருக்கிறார்கள். எந்தச் சொகுசு வண்டியைக் காட்டிலும் நுட்பமான கருவி. அதைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும் என்று முதலிலேயே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். டாக்டர் இந்த விவரத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"இதற்கு வருகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். என் வண்டியை யார் வேண்டுமானாலும் திறந்தால் என்ன ஆகும்?" என்றார் பிறகு.

"படித்துக் கொடுத்தால் அந்த ஜீப்புப் பையனும் திறப்பான்" என்றார் எஞ்சினீயர்.

அன்று பொதுஜனங்களுக்குச் சிறிய டெலஸ்கோப் வழியாக வியாழனைக் காட்டினார்கள். அதன் பக்கத்தில் நான்கு சந்திரன்கள் கடுகுபோல் வரிசையாக நின்றன. மாசி, பங்குனி மாதங்களில் இங்கே மேகம் குறைவு. மழைக்காலத்தில் வருகிறவர்கள் மூடிய கூண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆலங்காயம் வழியாக இறங்கினோம். வானாராய்ச்சி நிலையத்தை ஒட்டி விளக்கு வெளிச்சம் கூடாது என்பதால் எங்கும் நல்ல இருட்டு. பத்மினியின் இரண்டு வட்ட விளக்குகளும் தங்களால் ஆனதைச் செய்தன. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சினீயர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு வண்டியை ஊர்ந்து போகவிட்டார்.

"என் வண்டி விளக்கு, வளைவு வருவதற்கு முன்னே தானாகவே அந்தப் பக்கம் திரும்பும், பகல்போல் தெரியும்" என்றார் டாக்டர், பின்ஸீட்டிலிருந்து.

ஆலங்காயம் வரும் வரையில் எஞ்சினீயர் அதற்குப் பதில் சொல்லவில்லை.